இந்தப் பக்கம் வரை

தம்பி குதிரை வரைந்தால் அது ஸ்டூல் மாதிரி இருக்கும். ஸ்டூல் வரைந்தால் எது மாதிரியும் இருக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஏழாம் வகுப்பில் ஓவியத் தேர்வுக்கு ஒரு பூந்தொட்டி வரையச் சொன்னார்கள். தம்பி வரைந்து கொடுத்த தாளை ஓவிய ஆசிரியர் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எது மேல், எது கீழ் என்று அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் நடுவில் ஒரு பூஜ்யம் போட்டுக் கொடுத்துவிட்டார். பூஜ்யத்தை எப்படித் திருப்பினாலும் ஒன்றுதானே.

அப்பேர்ப்பட்டவன்தான் வளர்ந்து இரண்டாம் வகுப்புக்கு வாத்தியார் ஆனான். இரண்டாம் வகுப்பில் பாதிப் பாடம் படம்.

அக்கா அவனைவிட ஏழு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அச்சகத்தில் சேர்ந்தவள். பைண்டிங் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறாள். அச்சான தாளை மடிப்பது, வரிசையாகச் சேர்ப்பது, முதுகில் பின் அடிப்பது, ஓரம் வெட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. ஒவ்வொரு கட்டையும் மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை எண்ணுவாள். இரண்டு எண்ணிக்கையும் இன்றுவரை வேறாக வந்ததில்லை. வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காகவே எண்ணுவாள்.

தம்பி வாத்தியார் என்பதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அச்சகத்துக்கு யார் வந்து என்ன பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் தம்பி வந்துவிடுவான். மழை வருமா என்று ஒருவர் கேட்டால், "என் தம்பி வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துப் பக்கம் இருட்டிக்கிட்டு இருந்துச்சு" என்பாள்.

ஒரு நாள் தம்பி சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டான். அதைக் கொடுக்கப் போன அக்கா வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாள். தம்பி கரும்பலகையில் எதையோ வரைந்துவிட்டு, சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பினான்.

"இது என்ன, சொல்லுங்க."

"கட்டில் சார்."

"கட்டில் இல்ல."

"பஸ்சு."

"பஸ்சுக்கு எங்கேயாவது வால் இருக்குமா?"

"அது வாலா சார்? நான் புகைன்னு நெனச்சேன்."

"மாடுடா. மாடு வரைஞ்சிருக்கேன்."

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. அக்காவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அதற்குள் முன் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து போய், "தள்ளுங்க சார், கொம்பு அப்படிப் போகாது" என்று சாக்பீஸைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அவன் ஒரு கொம்பு போட்டான். அந்தக் கொம்பு சரியில்லை என்று இன்னொருத்தி வந்து அடுத்த கொம்பைப் போட்டாள். மூன்றாவதாக வந்தவன் வயிற்றை வரைந்தான். தம்பி ஓரமாக நின்று கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கால் மணி நேரத்தில் பலகையில் உருப்படியாக ஒரு மாடு நின்றது. இரண்டு கொம்பும் வேறு வேறு ஜாதி என்பது மட்டும்தான் குறை.

தலைமை டீச்சர் இதைப் பற்றி ஒரு தடவை அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

"சார், பசங்க உங்களைத் திருத்துறாங்களாமே?"

"ஆமா மேடம். எனக்கே கொஞ்சம் முன்னேற்றம் தெரியுது."

மாடு வரைந்த அன்று தம்பி வீட்டுக்கு வந்ததும் அக்கா விடவில்லை.

"ஏன்டா, பிள்ளைங்க உன்னைப் பார்த்துக் கெக்கெக்கேன்னு சிரிக்குதுங்க. உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"நான் நல்லா வரைஞ்சா யாருக்கா எழுந்து வருவா? எல்லாரும் உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

"அப்போ வேணும்னேதான் அப்படி வரையறியா?"

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். அவன் பொய் சொல்ல மாட்டான்.

"இல்லக்கா. என்னால முடிஞ்ச அளவுக்கு முயற்சி பண்ணித்தான் வரையறேன்."

அந்த வகுப்பில் மொத்தம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தேழு பேர் எப்போதாவது ஒரு நாள் எழுந்து வந்து அவனைத் திருத்தியிருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் வந்ததில்லை. அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் 'வராது'. எதைக் கேட்டாலும் "எனக்கு வராது" என்பாள், அதனால் அந்தப் பெயர். காலையில் வருகைப் பதிவின்போது அவள் பெயரைக் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவன், "வராது வந்துடுச்சு சார்" என்பான். காய்ச்சலென்று ஒரு நாள் வராமல் இருந்தபோது, "வராது வரல சார்" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது சரிதானா என்று அவனே குழம்பிப் போய் உட்கார்ந்துவிட்டான்.

போன வருடம், ஒன்றாம் வகுப்பில், அவள் சூரியனுக்குப் பச்சை நிறம் அடித்தாளாம். அதன் மேல் யாரோ சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். அந்தத் தாள் இன்னும் அவள் பைக்குள் இருந்தது. ஓவிய நேரத்தில் அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பாள். மணி அடிக்கும்போது தாளில் அவள் பெயர் மட்டும் அழகாக எழுதியிருக்கும். தம்பி அதை வாங்கி, "நல்ல பெயர்" என்று எழுதித் திருப்பிக் கொடுப்பான். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் மட்டும் சொல்லுவான்.

"இன்னிக்கும் ஒண்ணும் போடலக்கா."

"விடுடா. வரும்போது வரும்."

"எல்லாப் பிள்ளையும் என்னைவிட நல்லா வரையுதுங்க. அவளும் வரைவா. அது அவளுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

அந்த வருடம் கல்வி அலுவலகம் இரண்டாம் வகுப்புகளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் கொடுப்பதென்று முடிவு செய்தது. குடையை விழுங்கிய எருமையின் கதை. பதினாறு பக்கம். அச்சடிக்கும் வேலை அக்காவின் அச்சகத்துக்கே வந்தது. தம்பியின் கைக்குப் போகப்போகிற புத்தகம் தன் கையால் மடிக்கப்படுகிறது என்பதில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. டம்மியை அவளே செய்தாள். வெறும் தாளை மடித்து, எந்தப் பக்கத்தில் எது வரும் என்று பென்சிலால் குறித்து வைக்கிற மாதிரிப் புத்தகத்துக்கு அச்சகத்தில் அந்தப் பெயர்.

ஓவியர் பன்னிரண்டு பக்கத்துப் படங்களை அனுப்பிவிட்டார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று ஆகிய நாலு பக்கத்துக்கும் இரண்டு நாள் தவணை கேட்டிருந்தார். அந்தப் பக்கங்களில் எழுத்தையும் படத்தோடு அவரே கையால் எழுதித் தருவதாக ஏற்பாடு. வராத படங்கள் எவை என்று யாரும் குழம்பிவிடக் கூடாதே என்று அக்கா டம்மியை எடுத்தாள். பத்தாம் பக்கத்தின் நடுவில் 'இந்தப் பக்கம் முதல்' என்று எழுதினாள். பதின்மூன்றாம் பக்கத்தின் நடுவில் 'இந்தப் பக்கம் வரை' என்று எழுதினாள். தெளிவாக, பெரிய எழுத்தில், ஒற்றெழுத்துக்கூட விடாமல் எழுதினாள்.

டம்மி கம்ப்யூட்டர்காரரிடம் போயிற்று. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் கண்ணில் பட்டதெல்லாம் நேராக விரலுக்குப் போய்விடும், நடுவில் எங்கும் நிற்காது. ஒரு தடவை வாடிக்கையாளர் ஒருவர் ஆண்டறிக்கையின் கடைசித் தாளில், மூலையில், 'பால் வாங்கணும்' என்று தனக்காகக் குறித்து வைத்திருந்தார். அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கை 'பால் வாங்கணும்' என்ற முடிவுரையோடு ஐந்நூறு பிரதி வெளியே போயிற்று. யாரும் புகார் சொல்லவில்லை.

எனவே எருமைக் கதையின் பத்தாம் பக்கத்தில் 'இந்தப் பக்கம் முதல்' என்றும், பதின்மூன்றில் 'இந்தப் பக்கம் வரை' என்றும் கண்ணுக்குக் குளிர்ச்சியான எழுத்துருவில் அச்சாகின. இரண்டு நாள் கழித்து வந்த நாலு படமும் அவர் மேசையில் டீ டம்ளருக்கு அடியில் பத்திரமாக இருந்தன.

அக்கா தாளைப் பார்க்காமல் இல்லை. பார்த்தாள். பத்தாம் பக்கத்தில் தான் எழுதியது இருந்தது. பதின்மூன்றிலும் தான் எழுதியது இருந்தது. நடுவில் வெள்ளையாக இருக்கும் என்று அவளுக்கு முன்பே தெரியும், வெள்ளையாகவே இருந்தது. எல்லாம் தான் குறித்தபடியே இருந்ததால் அவளுக்குப் பரம திருப்தி. மேலிருந்து எண்ணினாள், கீழிருந்து எண்ணினாள், கட்டி அனுப்பினாள்.

புதன்கிழமை காலை பத்து இருபதுக்குத் தம்பி வகுப்பில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துவிட்டுச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். பசியில் எருமை குடையை விழுங்கியது. அதன் பிறகு அது நடக்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் டக் டக்கென்று சத்தம் கேட்டது. ஒன்பதாம் பக்கத்தில் வானம் கறுத்தது. எருமை பயந்துபோய் மேலே பார்த்தது. தம்பி பக்கத்தைத் திருப்பினான். வாயைத் திறந்தவன் திறந்தபடியே நின்றான்.

"என்ன சார், ஒண்ணுமே இல்ல?"

"இருக்கு, இருக்கு. 'இந்தப் பக்கம் முதல்'னு போட்டிருக்கு பாரு" என்றான் முன்வரிசைப் பையன். "முதல்ல இந்தப் பக்கமாம்."

"முதல்ல இந்தப் பக்கம் என்ன பண்ணணுமாம்?"

தாள்கள் படபடவென்று புரண்டன. பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து நின்றாள்.

"பதிமூணுல சொல்லியிருக்காங்க சார். 'இந்தப் பக்கம் வரை.' வரையச் சொல்றாங்க."

தம்பி தன் கையிலிருந்த பிரதியைப் பார்த்தான். அவனுக்கு அக்காவின் கைவண்ணம் சட்டென்று புரிந்துவிட்டது. வீட்டுச் சாவி மாட்டுகிற ஆணிக்குமேல்கூட 'சாவி இங்கே' என்று எழுதி ஒட்டியிருப்பவள் அவள். இது 'வரைக்கும்' என்கிற வரை, 'படம் வரை' என்கிற வரை இல்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் முப்பது பென்சில் வெளியே வந்துவிட்டது. அச்சடித்த புத்தகமே சொன்ன பிறகு வாத்தியாரிடம் யார் கேட்கப் போகிறார்கள்.

வராது மட்டும் புத்தகத்தை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு அவனிடம் வந்தாள்.

"சார், புக்கு எனக்கும் சேர்த்துதான் சொல்லுதா?"

"அது உன் புக்குதானே. உன்கிட்டதான் சொல்லுது."

"மரியாதை இல்லாம சொல்லுது சார்."

"என்னன்னு?"

"வரைன்னு. வரைங்கன்னு சொல்லல."

"கோபமா இருக்குமோ என்னவோ" என்றான் தம்பி.

அவள் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். தம்பி அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டான். மணி அடித்தபோது எட்டிப் பார்த்தான். 'முதல்' என்று போட்டிருந்த பத்தாம் பக்கத்தில் அவள் ஒரே ஒரு மழைத்துளி போட்டிருந்தாள். முதல் துளி. 'வரை' என்று போட்டிருந்த பதின்மூன்றாம் பக்கத்தில் குடை எருமையின் வயிற்றுக்குள் விரிந்துவிட்டது. எருமை பந்தல் மாதிரி பரந்து நின்றது. அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு தெருவே நனையாமல் நின்றது. தபால்காரர், இரண்டு நாய், சைக்கிளோடு ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு அம்மா, இன்னும் யார் யாரோ.

தம்பி அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, அவ வரைஞ்சுட்டாக்கா. நீ எழுதினதைப் பார்த்து வரைஞ்சுட்டா."

"நான் என்னடா எழுதினேன்?"

அவன் புத்தகத்தை விரித்துக் காட்டினான். அக்கா பார்த்தாள். பார்த்துக்கொண்டே மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடத்தில் அவள் கையிலிருந்து வெளியே போன முதல் பிழை அது. அதற்குத் தம்பி சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான்.

வேறு பள்ளிகளில் இந்தப் பிழை யாருக்கும் தெரியவில்லை. அழுக்காகிவிடும் என்று புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு பள்ளியில் பீரோவைத் தூசி தட்டியவர் தற்செயலாகப் புரட்டிப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது. அச்சக முதலாளி அக்காவையும் கம்ப்யூட்டர்காரரையும் கூப்பிட்டார்.

"நீங்க எழுதினீங்களாம்மா?"

"எழுதினேன் சார். ஆனா அச்சடிக்கச் சொல்லி எழுதல."

"நீங்க அடிச்சீங்களா?"

"இருந்துச்சு, அடிச்சேன்" என்றார் கம்ப்யூட்டர்காரர். அதற்கு மேல் அந்த விசாரணையில் எதுவும் மிஞ்சவில்லை. சரியான பிரதிகளை மறுபடி அச்சடித்துக் கொடுப்பதென்று முதலாளி ஒப்புக்கொண்டார்.

கல்வி அலுவலகத்திலிருந்து எல்லாப் பள்ளிக்கும் கடிதம் வந்தது. வெற்றுப் பக்கம் உள்ள பிரதி எதுவும் பிழையான பிரதியாகக் கருதப்படும். பிழையான பிரதிகள் எழுத்தோ கோடோ இல்லாமல், பெற்ற நிலையிலேயே திரும்ப ஒப்படைக்கப்பட வேண்டும். அவை ஆலைக்கு அனுப்பப்பட்டுக் கூழாக்கப்படும். வெள்ளிக்கிழமை புத்தக அதிகாரி நேரில் வருவார்.

தம்பி அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு வகுப்புக்குப் போய்ச் சொன்னான். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சுற்றி வளைத்துத்தான் சொன்னான். ஆனாலும் பிள்ளைகளுக்குப் புரிந்தது. பிறகு யாரோ ரப்பர் தேய்க்கிற சத்தம் கேட்டது. வராது பதின்மூன்றாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தபால்காரரை அழித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"தப்புதானே சார்?" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. "தப்புன்னா கூழாக்குவாங்க."

தம்பி கையை நீட்டினான். "ரப்பரை என்கிட்ட கொடு" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டான். மற்றப் பிள்ளைகளும் வரிசையாக வந்து தங்கள் ரப்பரைக் கொடுத்தார்கள். எதற்கென்று அவர்களுக்கும் தெரியாது. சட்டைப்பை புடைக்க முப்பத்தெட்டு ரப்பரோடு அவன் வீடு வந்து சேர்ந்தான்.

"புத்தகத்தைக் கொடுக்க மாட்டேன்க்கா."

"கொடுக்காம என்னடா பண்ணுவே? புதுசு முப்பத்தெட்டு நாளைக்கு நான்தான் கொண்டு வரணும். பழசு முப்பத்தெட்டை எண்ணி வாங்கிக்கிட்டுப் போகணும்னு முதலாளி சொல்லியிருக்காரு."

"அதைக் கூழாக்கினா அவ இனிமே பென்சிலையே தொட மாட்டா."

"என் பிழைடா அது. ஊர் பூரா என் பிழை கிடக்குது, உனக்கு அதைக் காப்பாத்தணுமா?"

"உன் பிழைக்கு மேல அவங்க வரைஞ்சாச்சு. இப்போ அது உன்னுது இல்ல."

அக்காவுக்குச் சுருக்கென்றது. கடிதத்தை வாங்கி, மேலிருந்து ஒரு தடவை படித்தாள். பிறகு கடைசி வரியிலிருந்து மேலே ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குப் புத்தக அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். மடிப்புக் கலையாத சட்டை. கட்டுகளைத் தூக்குவதற்கென்று இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தார். கையில் ஒரு படிவம். அதில் மூன்று பத்தி: பக்க எண், இருக்க வேண்டியது, இருப்பது. புதுப் பிரதிக் கட்டோடு அக்கா ஓரமாக நின்றாள். அதிகாரி மேசை மேலிருந்த முதல் புத்தகத்தைத் திறந்தார். எருமை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது.

"என்ன சார் இது, கிறுக்கியிருக்கு?"

"கிறுக்கல சார், வரைஞ்சிருக்காங்க."

"கோடு இருக்கக் கூடாதுன்னு கடிதத்துல இருக்கே. நீங்க படிக்கலையா? இதுக்கு நீங்க விளக்கம் எழுதிக் கொடுக்கணும்."

"சார்" என்றாள் அக்கா. "நான் அச்சகத்துலேர்ந்து வர்றேன். பிழையான பிரதின்னா எதுன்னு அந்தக் கடிதத்துல இருக்கறதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

"வெற்றுப் பக்கம் உள்ள பிரதி எதுவும்" என்று படித்தார் அதிகாரி.

"அந்தப் புத்தகத்துல வெற்றுப் பக்கம் எங்கே இருக்குன்னு காட்டுங்க சார்."

அதிகாரி முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். நாலு பக்கத்திலும் எருமை. ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, ஊசி, வீட்டுக்குப் போகிற எருமை.

"வெற்றுப் பக்கம் இல்லைன்னா அது பிழையான பிரதி இல்ல. பிழையான பிரதி இல்லைன்னா கோடு இருந்தா என்ன, இல்லைன்னா என்ன?"

இன்னொருவராக இருந்தால் சத்தம் போட்டிருப்பார். இவர் விதியை மதிக்கிறவர். படிவத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்போ ஒவ்வொரு பிரதியையும் பார்த்தாகணும். 'இருப்பது' பத்தியை நிரப்பாம நான் போக முடியாது."

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் தங்கள் புத்தகத்தை விரித்து எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல, அவர் எழுதிக்கொண்டே வந்தார். கட்டுத் தூக்க வந்த இரண்டு பேரும் தூக்க ஒன்றும் இல்லாமல் சின்ன பெஞ்சில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"பதினொண்ணாம் பக்கம்?"

"குடை ரிப்பேர் கடை சார். கடைக்காரர் எருமையை ரிப்பேர் பண்றாரு."

"ரெண்டு எருமை இருக்கே?"

"ஒண்ணு கண்ணாடியில தெரியுது."

அவர் 'எருமை 1, பிம்பம் 1' என்று எழுதினார். அடுத்த எருமைக்குக் குடைக்காம்பு மூக்கு வழியாக வெளியே வந்திருந்தது. அதற்கடுத்தது பறந்தது. இருபதாவது பிரதிக்கு மேல் அதிகாரி, "வயித்துல குடை விரிஞ்சா வலிக்காதா?" என்று தானாகவே கேட்க ஆரம்பித்திருந்தார். பேசாமல் இருந்த இரண்டு பேரில் ஒருவர், "மடக்குற குடைன்னா வலிக்காது" என்றார்.

பிறகு அதிகாரி புதுப் பிரதி ஒன்றை வாங்கி, 'இருக்க வேண்டியது' பத்திக்காகப் பதின்மூன்றாம் பக்கத்தைப் பார்த்தார். அதில் எருமை தும்மியது, குடை வெளியே வந்து விழுந்தது. பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"தும்மினா வந்துடுமா?" என்றான் முன்வரிசைப் பையன். "குடை எவ்வளவு பெருசு."

"ஓவியர் அவசரத்துல போட்டிருப்பாருடா" என்று இன்னொருத்தி விட்டுக்கொடுத்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு முப்பத்தேழு பிரதி முடிந்திருந்தது. ஒவ்வொன்றையும் அவருக்குப் பிறகு அக்காவும் ஒரு தடவை புரட்டி, வெற்றுப் பக்கம் இல்லை என்று சொல்லிவிட்டுத் தள்ளி வைத்தாள். முப்பத்தெட்டாவதாக வராது வந்தாள். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அக்கா கேட்டபோதுகூடக் கொடுக்கவில்லை. தம்பி குனிந்து ஏதோ சொன்ன பிறகுதான் மேசைமேல் வைத்தாள்.

அக்கா புரட்டினாள். பத்து, ஒரு துளி. பதின்மூன்று, பந்தல் மாதிரி எருமை. தபால்காரர் இருந்த இடத்தில் கொஞ்சம் அழுக்கு. நடுவில் பதினொன்று வெள்ளை. பன்னிரண்டு வெள்ளை. புத்தகம் அவளிடம் முதல் என்று ஒரு பக்கத்தில் சொன்னது, வரை என்று ஒரு பக்கத்தில் சொன்னது. நடுவில் இருந்த இரண்டு பக்கத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் செய்யவில்லை.

அக்காவின் விரல் அந்தத் தாளின்மேல் நின்றது. பேசாமல் தள்ளி வைத்திருந்தால் அதிகாரி கவனித்திருக்க மாட்டார், அவருக்குக் கை வலிக்க ஆரம்பித்திருந்தது. ஆனால் அக்காவால் அது ஆகாது.

"ரெண்டு பக்கம் வெத்தா இருக்கு சார்" என்றாள்.

தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஏன்க்கா."

"இருக்கறதைத்தானேடா சொல்ல முடியும்" என்றாள். அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை.

"அப்போ இது பிழையான பிரதி" என்றார் அதிகாரி. அவருக்கும் அதில் சந்தோஷமில்லை. "இது ஒண்ணை மட்டும் எடுத்துக்கறேன்." முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் வேண்டாவெறுப்பாக எழுந்தார்.

வராது மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அது வெத்து இல்ல."

"வெள்ளையாத்தானேம்மா இருக்கு?"

"மின்னல் அடிச்சுது. மின்னல் அடிச்சா வெள்ளையாத்தான் இருக்கும். ஒண்ணும் தெரியாது."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"சரி, பதினொண்ணு மின்னல். பன்னெண்டு?"

"பன்னெண்டுல எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டாங்க."

"கண்ணை மூடினா கறுப்பால்ல தெரியும்?"

"மின்னல் அடிச்சதும் மூடினா வெள்ளைதான் தெரியும். நீங்க வேணும்னா ஜன்னலைப் பார்த்துட்டு மூடிப் பாருங்க."

அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பினார். நல்ல வெயில். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். எழுந்து நின்றவரும் பார்த்துவிட்டு மூடினார். பிறகு ஒவ்வொருவராகப் பிள்ளைகள் மூடினார்கள். தம்பியும் மூடினான். அக்கா மட்டும் மூடவில்லை. யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஆமா" என்றார் அதிகாரி, கண்ணை மூடியபடியே. "வெள்ளைதான்."

கண்ணைத் திறந்து பேனாவை எடுத்தார். பதினொன்று: மின்னல். பன்னிரண்டு: அனைவரும் கண் மூடிய நிலை. கீழே, 'பிழையான பிரதிகள்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வராது தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஏதாவது தூக்கினால்தான் வேலை செய்ததாகும் என்று சொன்னதால், அக்கா கொண்டு வந்திருந்த புதுப் பிரதிக் கட்டை அவர்களிடம் கொடுத்தனுப்ப வேண்டியதாயிற்று.

அவர்கள் வராந்தாவின் பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டார்கள். வராது புத்தகத்தைத் திறந்து பதின்மூன்றாம் பக்கத்தைப் பார்த்தாள். யாரிடமும் கேட்காமல் எழுந்து வெளியே ஓடினாள். தம்பியும் அக்காவும் வாசலுக்குப் போவதற்குள் அவள் அதிகாரியின் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருந்தாள்.

"சார், ஒண்ணு எழுதாம விட்டுட்டீங்க. இங்கே ஒரு தபால்காரர் இருந்தாரு. நான்தான் அழிச்சேன். மறுபடி வரையப் போறேன். எழுதிக்கோங்க."

அதிகாரி அவளைப் பார்த்தார். பிறகு சுவரில் படிவத்தை வைத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"தபால்காரர்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "சைக்கிளோடயா, நடந்தா?"